வடலி வேர் மண்ணும் ஒரு கேன் ஆற்றுத் தண்ணீரும்

எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் பழைய கருவியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது யாரும் தட்டில் பாக்டீரியாவை வளர்த்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லையாம். ஒரு கரண்டி மண்ணைக் குழாயில் போட்டுக் கூரியரில் அனுப்பினால் போதும், அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியலே கணினிக்கு வந்துவிடுகிறதாம். நல்லதுதான். முப்பத்தொரு வருடம் கண்ணாடித் தட்டு கழுவினவனுக்கு, இனி கழுவ வேண்டாம் என்றால் கசக்கவா செய்யும்?

போன வாரம் துறையிலிருந்து இரண்டு இளம் ஆசிரியர்கள் தச்சநல்லூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். துறை மலர் போடுகிறார்களாம்.

“அண்ணாச்சி, அந்தப் புது பாக்டீரியா கெடச்ச கதைய எழுதித் தாங்க. நீங்க தண்ணிய மாத்தி ஊத்தப் போயித்தான அது வளந்துச்சு? பிள்ளைங்க படிச்சா சிரிக்கும்” என்றார் ஒருவர்.

அவர் அப்போது துறையில் இல்லை. யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். வாய் மாறி வாய் மாறி அது வேடிக்கைக் கதை ஆகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சிரிப்பு வராவிட்டால் நான் பொறுப்பில்லை.

என் பெயர் சுடலைமுத்து. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு, சில வருடம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, கல்லூரியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். தொழில் பழகிய கதையில் சொல்ல அதிகம் இல்லை. தட்டு கழுவினேன், ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வைத்து அவித்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், மறுபடியும் கழுவினேன். பாக்டீரியாவுக்குச் சோறாக்கிப் போடுகிற வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையும் அதுதான். அந்தச் சோற்றுக்கு மீடியா என்று பெயர். சத்துப் பொருள்களையும் அகர் என்ற பாசிப் பொடியையும் தண்ணீரில் கரைத்து அவித்துத் தட்டில் ஊற்றினால், ஆறியதும் நுங்கு மாதிரி உறைந்து நிற்கும். அதன் மேல் விதைக்க வேண்டியது, காத்திருக்க வேண்டியது.

கடைசிப் பன்னிரண்டு வருடம் செல்வராணி மேடத்தின் கீழ் இருந்தேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தன் அறையில் நாற்காலி இருக்க, எங்களோடு வந்து ஸ்டூலில் உட்காருவார். ஆய்வக நோட்டில் பென்சில் கூடாது, பேனாதான். தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு. அடித்த எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காலையில் ஒரு கேள்வி கேட்பார். சாயங்காலம் கிளம்பும்போது அதே கேள்வியை அதே வார்த்தையில் திரும்பக் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மாறினால் திட்டமாட்டார், ஆனால் மறுநாள் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். எத்தனையோ பேரை அந்தச் சாயங்காலக் கேள்வி அழ வைத்திருக்கிறது.

பேச்சியம்மாள் அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பெண். ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா இல்லை. காலையில் எழுந்து அம்மாவோடு உட்கார்ந்து சில கட்டு பீடி சுற்றிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வருவாள். அவளுடைய ஆராய்ச்சி பனை வேர். பனைக்கு யாரும் உரம் வைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. ராதாபுரம் பக்கத்துக் காய்ந்த காட்டில் அது எதைத் தின்று நிற்கிறது, அதன் வேரை ஒட்டிய மண்ணில் அதற்கு உதவி செய்வது யார் என்று பார்க்க வேண்டும்.

மண் எடுக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். வடலி என்று சொல்கிற இளம்பனை ஒன்றின் அடியைத் தோண்டினோம். நிலத்துக்காரர் குடையோடு வந்து நின்றார்.

“பனைய வெட்டப் போறியளா?”

“இல்ல அண்ணாச்சி, வேர்ல ஒட்டுன மண்ணு கொஞ்சம் வேணும்” என்றேன்.

“மண்ணா? அள்ளிட்டுப் போங்க வே. இங்கன அது ஒண்ணுதான் நல்லா வெளையுது.”

வேரை மெதுவாக உதறினால் உதிர்கிற மண் எங்களுக்கு வேண்டாம். உதறிய பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் வேண்டும். அதை அவித்த உப்பு நீரில் குலுக்கி, அந்த நீரில் ஒரு பங்கெடுத்து ஒன்பது பங்கு சுத்த நீரில் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கு, மறுபடியும் அதிலிருந்து ஒரு பங்கு என்று நீர்க்க வைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் தட்டில் தேய்த்தால், கூட்டமாக நிற்காமல் தனித்தனிப் புள்ளியாக முளைக்கும். மேடம் மீடியாவில் சத்தைக் குறைக்கச் சொன்னார்.

“பட்டினி கெடந்து பழகினதுக்கு விருந்து வச்சா ஒத்துக்காது சுடலை. அகரையும் நல்லா அலசிருங்க. அதுல உள்ள உப்பெல்லாம் போகணும்.”

அரிசி களைகிற மாதிரி அகரைத் திரும்பத் திரும்பக் களைந்து வடித்தேன். இந்த இடத்தில்தான் தண்ணீர் வருகிறது.

மீடியாவுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். எந்த உப்பும் இல்லாத நீர். அந்தச் சமயத்தில் எங்கள் கருவியின் சூடேற்றும் சுருள் எரிந்துபோனது. விண்ணப்பம் அலுவலகத்தில் படுத்துத் தூங்கியது. பக்கத்துத் துறையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மேடம். பக்கத்துத் துறை உதவியாளருக்கும் எனக்கும் ஒரு சில்லறைச் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. அவனிடம் போய்த் தண்ணீருக்குக் கை ஏந்துவதா என்று எனக்கு வீம்பு. வீட்டுக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்தேன். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, மொபெட்டில் வைத்துக் கொண்டுபோனேன். திருநெல்வேலிக்காரனுக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் குறைவாக நினைக்கத் தெரியாது. மெட்ராஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால் முதலில் ஒரு செம்பு தண்ணீரைத்தான் கேட்பார்கள். ஊரே மெச்சுகிற தண்ணீர் ஒரு பாக்டீரியாவுக்கு ஆகாதா என்றுதான் நினைத்தேன்.

நோட்டில் மட்டும் ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று எழுதினேன்.

“மீடியாவுக்கு என்ன தண்ணீர்?” என்று மேடம் ஒரு காலையில் கேட்டார்.

“டிஸ்டில்டு வாட்டர்தான் மேடம்.”

சாயங்காலமும் கேட்டார். அதையே சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு பொய்யையும் இரண்டு வேளை ஒரே மாதிரி சொல்ல முடியும் என்பது அவர் கணக்கில் இல்லை.

அந்தத் தட்டுகளில் ஒன்றில், ஐந்தாம் நாள், வெளிர் ரோஸ் நிறத்தில் குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு புள்ளி முளைத்தது. பேச்சிதான் பார்த்தாள். அதைக் கம்பி வளையத்தில் தொட்டு, புதுத் தட்டில் கோடிழுத்து, அதில் தனியாக வந்ததைத் தொட்டு மறுபடியும் கோடிழுத்து, கலப்பில்லை என்று உறுதி செய்தோம். மரபணுவைப் படித்து வந்த முடிவில், அதன் நெருங்கிய சொந்தத்தோடு ஒப்பிட்டால்கூட ஒரே இனம் என்று சொல்ல முடியாத வித்தியாசம் இருந்தது. மேடம் அந்தக் காகிதத்தைக் காலையில் படித்தார், சாயங்காலமும் படித்தார். பிறகு, “புதுசுதான் போல” என்றார். அன்றைக்குப் பேச்சி எங்கள் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தாள்.

புது இனம் என்று நாமாகச் சொன்னால் ஆகாது. எந்தச் சூட்டில் வளரும், எவ்வளவு உப்பைத் தாங்கும், எந்தச் சர்க்கரையைத் தின்னும் என்று சோதனை மேல் சோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை உயிரோடு இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அப்போதுதான் பெயர். பேச்சிக்கும் அந்தக் கட்டுரை வந்தால்தான் பட்டம்.

இதற்குள் கருவிக்குப் புதுச் சுருள் வந்துவிட்டது. ஆனால் அது சொட்டுச் சொட்டாக வடிக்கும். ஒரு நாள் பூராவும் காவல் இருக்க வேண்டும். நான் கேனுக்குப் பழகிவிட்டேன். கருவியின் ஜாடித் தண்ணீரைப் பேச்சி எடுத்துக்கொண்டாள், என் மேசைக்குக் கீழே என் கேன் இருந்தது. அதிலும் வடித்த நீர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது ஒரு விசேஷம் நடந்தது. நான் ஊற்றிய தட்டில் அந்த ரோஸ் புள்ளி வளர்ந்தது. பேச்சி ஊற்றிய தட்டில் வளரவில்லை. அதே பொடி, அதே அளவு, அதே ஆட்டோகிளேவ். அவள் திரும்பச் செய்தாள், வரவில்லை. நான் செய்தேன், வந்தது. “அண்ணாச்சி கைராசி” என்று துறையே பேசியது. தட்டு வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முப்பது வருடம் கழுவியே ஓய்ந்த கைக்கு ஒரு மரியாதை கிடைத்தால் அதை யார் வேண்டாம் என்பார்கள்?

மேடம் மட்டும் முகத்தைச் சுளித்தார். “கைராசின்னு ஒரு ஊட்டப்பொருள் கெடையாது சுடலை.”

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் பேச்சியிடம் சொன்னேன்: “ஏ பிள்ள, பீடி சுத்துத கை இல்லா? பொகையிலைக் காரம் பட்டா அது பாவம், எப்படி வளரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள். அதோடு நான் மறந்துவிட்டேன்.

சேமிப்பகங்களுக்கு அனுப்பினோம். முதலில் நம் நாட்டுச் சேமிப்பகத்திலிருந்து கடிதம்: நீங்கள் குறித்திருக்கும் மீடியாவில் இது வளரவில்லை. அடுத்து வெளிநாட்டிலிருந்தும் அதே பாட்டு. வழியில் செத்திருக்கும் என்று புதிதாகத் தயார் செய்து மறுபடியும் அனுப்பினோம். மறுபடியும் இரண்டு கடிதம். மேடம் பேச்சியை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொரு படியாகச் செய்யச் சொல்லிப் பார்த்தார். வளரவில்லை.

“உங்க கையில எங்கயோ தப்பு நடக்குது பேச்சி. எங்கன்னு எனக்குத் தெரியல” என்றார்.

பேச்சி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் தச்சநல்லூரில் எங்கள் தெருக் குழாய் உடைந்து தண்ணீர் வரவில்லை. வேறு வழியில்லாமல் கருவி ஜாடியிலிருந்து எடுத்து மீடியா செய்தேன். ஐந்து நாள் பார்த்தேன், ஏழு நாள் பார்த்தேன். தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குழாய் சரியானதும் கேன் தண்ணீரில் ஒன்று, ஜாடித் தண்ணீரில் ஒன்று ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் ரோஸ் புள்ளிகள், ஒன்றில் வெறும் அகர். என் கைராசி எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து வந்தது என்று புரிந்தபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை, பயம். பணி முடிய இரண்டு வருடம் இருந்தது. நோட்டு பூராவும் என் கையெழுத்தில் பொய்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

ஒரு நாள் பேச்சி தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

“எங்க பிள்ள?”

“வேற தலைப்பு எடுக்கச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி. இது எங் கைக்கு வராதுன்னு ஆயிட்டு. நாலு வருசம் போச்சு. இனி முதல்லருந்து.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “தட்டெல்லாம் கழுவி வச்சிட்டேன், நீங்க செரமப்பட வேண்டாம்.”

நான் நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

“மேடம், மீடியாவுக்கு என்ன தண்ணீருன்னு கேளுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “என்ன தண்ணீர்?”

“ஆத்துத் தண்ணி மேடம். ஆரம்பத்துலருந்தே.”

அவர் போகலாம் என்று கை காட்டினார். பகல் முழுக்க அறைக் கதவு சாத்தியே இருந்தது. சாயங்காலம் கைப்பையோடு வெளியே வந்தவர் என் மேசை அருகில் நின்றார்.

“மீடியாவுக்கு என்ன தண்ணீர்?”

“ஆத்துத் தண்ணி மேடம். தச்சநல்லூர் பைப்பு.”

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “கைராசின்னு ஒண்ணு கெடையாதுன்னு சொன்னேன். சொல்லிட்டு, அப்ப வேற என்னதுன்னு நான் தேடியிருக்கணும். அது என் தப்பு. உங்க தப்ப நீங்களே நோட்டுல திருத்துங்க. ஒவ்வொரு பக்கமும்.”

ஒரு புகார், ஒரு மெமோ கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எந்தச் சோதனை எந்தப் பக்கத்தில் என்று பேச்சிக்குத்தான் தெரியும். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டித் தர, நான் ‘காய்ச்சி வடித்த நீர்’ மேல் ஒரு கோடு போட்டு, ‘ஆற்று நீர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் நோட்டு முடியும்வரை அவள் பக்க எண்ணை மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“அண்ணாச்சி” என்றாள் கடைசியில். “நீங்க அன்னைக்கு பொகையிலைக் காரம்னு சொன்னிய.”

எனக்கு நினைவே வரவில்லை. பிறகு வந்தது.

“அன்னையிலருந்து நான் பீடி இலையத் தொடல. தெனமும் ஸ்பிரிட்டுல கை கழுவுவேன். வீட்டுலயும் ஒரு பாட்டில் வச்சிருந்தேன். அம்மைக்கு என்னன்னு சொல்ல? பட்டம் வாங்கப் போற கைக்கு பீடி நாறுதாக்கும்னு கேட்டா. ஆமான்னு நெனச்சிக்கிட்டா. பேசுதது கொறஞ்சி போச்சு.”

கையை நீட்டிக் காட்டவில்லை அவள். பக்கத்தைப் புரட்டும்போது நான்தான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்துக் கிடந்தது. இத்தனை மாதம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறேன். தட்டில் குண்டூசித் தலை அளவு புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு.

“எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியல பிள்ள” என்றேன்.

“அடுத்த பக்கம் அண்ணாச்சி” என்றாள்.

அதன் பிறகு மேடம் வடித்த நீரில் ஒவ்வொரு உப்பாகத் துளித்துளி சேர்த்துப் பார்க்கச் சொன்னார். கால்சியம் சேர்த்த தட்டில் வளர்ந்தது. சுண்ணாம்புச் சத்துதான். அகரை அத்தனை தடவை களைந்து அதில் இருந்ததையும் நாங்கள் துரத்திவிட்டோம்; என் ஆற்றுத் தண்ணீர் அதைத் திரும்பக் கொடுத்திருக்கிறது. எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தோம். பேச்சி ஊற்றிய தட்டுகளில் அது தாராளமாக வளர்ந்தது. சேமிப்பகங்களிலிருந்து சான்று வந்தது, பனையின் பெயரை ஒட்டி அதற்கும் ஒரு பெயர் வந்தது. ஆனால் ஒன்றரை வருடம் கூடுதலாகிவிட்டது. வெளிநாட்டில் ஓர் ஆய்வகம் பேச்சிக்காக ஓர் இடம் வைத்திருந்தது. அது வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது அவள் ராதாபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள்.

கட்டுரையில் நன்றி சொல்கிற இடத்தில் என் பெயரும் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். “நடந்ததத்தான் எழுதணும் சுடலை. அந்தத் தண்ணி இல்லன்னா இது நம்ம கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது” என்றார் மேடம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்று வேடிக்கைக் கதை ஓடுகிறது. நானும் சில நாள் அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டது உண்டு. அதிக நாள் தேறவில்லை.

கட்டுரை வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பேச்சி வீட்டில் இல்லை. அவள் அம்மா மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். தெரியும் என்றார். கட்டுரை அச்சடித்த தாளை நீட்டி, தப்பு தண்ணீரில்தான், பேச்சி கையில் இல்லை என்று சொன்னேன். புகையிலைத் தூள் படாமல் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் வைத்தார்.

“அப்பம் எம் மவ கையில ஒரு கொறையும் இல்லியா அண்ணாச்சி?”

“இல்லம்மா. கொறையெல்லாம் என் நாக்குலதான் இருந்துச்சு.”

அவர் சுளகை இழுத்து வைத்துக்கொண்டு இலையை வெட்டத் தொடங்கினார்.